இடுப்பில் ஒரு கத்தி, எரவாணத்தில் ஒரு கொடுவாள்

காட்டுக்குப் போவதற்கென்று கத்தி வாங்க நினைக்கும் இளைஞர்கள் எங்கள் பக்கத்தில் இப்போது நிறைய. கோவையிலோ திருப்பூரிலோ வேலை. சனி ஞாயிறு வந்தால் வெள்ளியங்கிரி, வால்பாறை, கொல்லிமலை, பர்கூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் செல்பேசியில் எடுத்துக் காட்டும் கத்திகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கின்றன. முழ நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, கறுப்புப் பூச்சு, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியைத் திருகித் திறந்தால் உள்ளே திசைகாட்டி, தீக்குச்சி, தூண்டில் முள். "மாமா, இது ஒன்று இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகுங்களா?" என்று அக்கா மகன் கேட்டான். ஆகாது. ஏன் ஆகாது என்பதையும், எது ஆகும் என்பதையும் விரிவாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிடிக்குள் பொந்து வைக்க வேண்டுமென்றால் அலகின் காம்பு பிடிக்குள் முழுக்க இறங்க முடியாது. மேலே கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். மீதியைத் தாங்குவது ஒரு மரையும் பசையும்தான். கட்டையைப் பிளக்க நாலு அடி ஓங்கி அடித்தால் முறிவது அந்த இடத்தில். முதுகிலுள்ள பல்லும் மரம் அறுக்காது. தச்சர் கையிலிருக்கும் ரம்பத்தைக் கவனித்துப் பாருங்கள்: ஒரு பல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், அடுத்த பல் வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அப்படிச் சாய்ந்திருப்பதால்தான் மரத்தில் விழும் வெட்டு ரம்பத்தின் தகட்டைவிட அகலமாகி, இறுகாமல் ஓடுகிறது. கத்தி முதுகின் பல்லுக்கு அந்தச் சாய்வு கிடையாது. அரை விரல் ஆழம் போனதும் மாட்டிக்கொள்ளும். முதுகு மழமழவென்று இருந்தால் அங்கே கட்டைவிரலை வைத்து அழுத்தி வேலை செய்யலாம். பல் வைத்த முதுகில் அதற்கும் வழியில்லாமல் போகிறது.

ஒரே கத்தியில் எல்லாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. உள்ளங்கை அகலத்துக்குச் சற்றே மிஞ்சிய அலகுள்ள சின்னக் கத்தி ஒன்று, எப்போதும் கைக்கெட்டும் இடத்தில். கனத்த வேலைக்கு ஊர்ப் பட்டறையில் அடித்த கொடுவாள் ஒன்று, தோட்டத்தில். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள அளவில் விற்கும் கத்திகள் எதற்கும் முழுதாக உதவுவதில்லை. தக்காளி அரியவும் தடிமன், வேலி வெட்டவும் கனம் போதாது.

எங்கள் பெரியவர்கள் இதை வெகு காலம் முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். காங்கேயம் பக்கத்தில் தோட்டத்து வீடான சாளை எதற்குள்ளாவது போய் எரவாணத்தை நிமிர்ந்து பாருங்கள். ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே வரிசையாகச் செருகியிருக்கும். சோளத்தட்டு அறுக்க ஓர் அரிவாள். புல் அறுக்கப் பல் வைத்த கருக்கரிவாள். வெள்வேல மரத்தில் ஏறாமலே ஆட்டுக்குத் தழை இழுக்க நீண்ட கழியில் கட்டிய தொரட்டி. தென்னை மட்டை கழிக்கவும் வேலி வெட்டவும் கொடுவாள். சமையலறையில் தரையோடு அரிவாள்மனை. ஒவ்வொன்றின் வளைவும் கனமும் அதனதன் வேலைக்கு ஏற்ப வந்தவை. ஆடுமாடு மேயும் கொறங்காட்டைச் சுற்றியிருக்கும் கிளுவை வேலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது உயிர்வேலி. வெட்டி விட்டால்தான் அடர்ந்து தழைக்கும், விட்டுவிட்டால் வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரிக்குள் முள்ளை நீட்டி வழியை அடைத்துவிடும். அந்த முள்ளுக்குள் கையை விடாமல் எட்டி வெட்டவும், வெட்டிய கிளையை நுனியால் கொக்கி போட்டு இழுக்கவும்தான் கொடுவாளின் நுனி வளைந்திருக்கிறது. வேலைதான் அந்த வடிவத்தைத் தந்தது.

ஆனால் எரவாணத்தில் செருகாத ஒன்றும் இருந்தது. அது அப்பாருவின், அதாவது என் தாத்தாவின், இடுப்பில், அகலமான பச்சை பெல்ட்டின் பைக்குள், பாக்குவெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் மடக்குக் கத்தி. அலகு என் சுண்டுவிரல் நீளம்தான். அதன் அருமை எனக்குப் புரிந்தது ஒரு மத்தியானம், கட்டுத்தரையில். இளங்கன்று ஒன்று முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி ஓடித் தன் கயிற்றைத் தானே முறுக்கிக்கொண்டது. நைலான் கயிறு. முன்னங்கால் ஒன்று கயிற்றுக்குள் மாட்டி, கன்று சாய்ந்து விழ, கழுத்தில் சுருக்கு இறுகிவிட்டது. நாக்கு வெளியே வந்துவிட்டது. அவிழ்க்க முடியாது, கன்றின் கனம் முழுக்க முடிச்சின் மேல் இருந்தது. அப்பாரு சத்தம் போடவில்லை, கொடுவாள் எங்கே என்று தேடவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பல்லால் அலகை இழுத்துத் திறந்து, கயிற்றுக்கும் தோலுக்கும் இடையில் இடது கையின் இரண்டு விரலை நுழைத்து, அலகின் முதுகை விரலின் மேல் படிய வைத்து, வெளிப்பக்கமாக இழுத்தார். ஒரே இழுப்பு. கயிறு பட்டென்று விட்டது. கன்றின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. கொடுவாளால் அந்த வேலையைச் செய்திருந்தால் கன்றின் கழுத்தோ அவர் விரலோ போயிருக்கும். எரவாணம் வரை நடந்து போய்வர அந்தக் கன்றுக்கு நேரமும் இல்லை.

அன்றாடம் கத்தி தேவைப்படும் வேலைகளை ஒரு வாரம் கவனித்தால் அநேகமாக எல்லாமே இந்த வகையாகத்தான் இருக்கும். உர மூட்டையின் தையலைப் பிரிப்பது, சொட்டுநீர்க் குழாயை நேராக நறுக்குவது, ஒயரின் உறையைச் சீவுவது, அட்டைப்பெட்டி திறப்பது, மாங்காய் கீறுவது, காலில் ஏறிய முள்ளின் மேல்தோலை நீக்குவது. எதற்கும் ஒரு சாண் அலகு வேண்டியதில்லை. எல்லாவற்றுக்கும் கூர்மை வேண்டும்.

எனவே சின்னக் கத்தியைத் தேர்ந்தெடுப்பதில்தான் நேரம் செலவிட வேண்டும். அலகு மூன்றிலிருந்து நான்கு அங்குலம். தடிமன் இரண்டரை மில்லிமீட்டர், மிஞ்சினால் மூன்று. கடைக்காரர் ஐந்து மில்லிமீட்டர் என்று பெருமையாகச் சொன்னால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவ்வளவு தடிமனான அலகு காயை அரியாது, இரண்டாகப் பிளக்கும். கேரட்டை வைத்துப் பார்த்தால் பாதி வழியில் சடக்கென்று உடைவது தெரியும். தடிமன் முதுகில் இருக்கலாம், வெட்டுவாயை நெருங்க நெருங்க மெலிந்து வர வேண்டும். வெட்டுவாய் முழுக்கப் பல்லில்லாமல் இருக்க வேண்டும். பல் வைத்த வாய் கயிற்றை நன்றாக அறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் மழுங்கிய பிறகு அதை வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது, நன்றாகத் தீட்டிய சாதா வாயும் கயிற்றை அறுக்கும்.

பிடியைக் கண்ணால் பார்த்து வாங்காதீர்கள். கையில் இறுகப் பிடித்து, அப்புறம் தலைகீழாகப் பிடித்து, அப்புறம் கட்டைவிரலை முதுகில் வைத்து, மூன்று விதமாகவும் பாருங்கள். விரல்களுக்கென்று தனித்தனிப் பள்ளம் வெட்டிய பிடிகள் யாரோ ஒருவருடைய கைக்குச் செய்தவை. உங்கள் விரல் அந்தப் பள்ளத்தில் உட்காராவிட்டால் கால் மணி நேர வேலையில் கொப்புளம் வரும். வியர்த்த கையில் வழுக்காமல் இருக்கிறதா என்பதைக் கையை நனைத்துப் பார்த்தால்தான் தெரியும். விரல் முன்னே நழுவி வெட்டுவாயில் ஏறிவிடாமல் தடுக்கும் சிறு மேடு அலகும் பிடியும் சேருமிடத்தில் இருக்க வேண்டும். இரண்டாவது தடவை யோசிக்க வேண்டியதே இல்லாத விஷயம் இது.

மடக்குக் கத்தியா, உறைக் கத்தியா என்பது நீங்கள் எங்கே நடமாடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஊருக்குள்ளும் பஸ்ஸிலும் போய்வருகிறவருக்கு மடக்குவது நல்லது, யாரையும் பயமுறுத்தாது. ஆனால் பூட்டு இல்லாத மடக்குக் கத்தியால் குத்தவோ நெம்பவோ கூடாது, விரல் மேல் மடங்கிவிடும். மண்ணிலும் சேற்றிலும் வேலை செய்கிறவருக்கு உறைக் கத்திதான் சரி. மடிப்புக்குள் செம்மண் புகுந்தால் திறப்பதும் சிரமம், கழுவிக் காயவைப்பதும் சிரமம்.

வெளிநாட்டுக் கத்திகளில் மூன்று இந்த வேலைக்கு நன்றாகப் பொருந்துகின்றன, மூன்றுமே உழைப்பாளிகளுக்காகப் பிறந்தவை. சுவீடனின் மோரா ஊர்க் கத்தி, பத்து சென்டிமீட்டர் அலகும் ரப்பர் போன்ற பிடியும் உள்ள எளிய உறைக் கத்தி. தச்சர்களும் மீனவர்களும் அங்கே இடுப்பில் மாட்டிக்கொள்வது. அதன் வெட்டுவாய்ச் சரிவு அகலமானது, கல்லின் மேல் வைத்தாலே தானாகச் சரியான கோணத்தில் படிந்துவிடும். தீட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல கத்தி இல்லை. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் பிறந்த ஒப்பினெல், மரப்பிடிக்குள் மடங்கும் மெல்லிய அலகு. 1955-இல் அதற்குச் சேர்த்த சுழலும் வளையம் அலகைப் பூட்டி வைக்கிறது. எட்டாம் எண் கத்தியின் அலகு எட்டரை சென்டிமீட்டர்; பழமும் காயும் அரிய அதற்கு ஈடு இல்லை. ஆனால் மரப்பிடி மழையில் ஊறி அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்ஸனர் 1884-இல் தொடங்கிய பட்டறை, 1891-இல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கியது. கத்தரிக்கோல், சிறு ரம்பம், திருப்புளி எல்லாம் ஒரே பிடிக்குள். அதிலுள்ள ரம்பத்தின் பல் உண்மையிலேயே மரம் அறுக்கும். பெரும்பாலான மாதிரிகளில் பிரதான அலகுக்குப் பூட்டு கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எஃகு விஷயத்தில் ஆளாளுக்கு எண்களை அடுக்குவார்கள். அடிப்படை ஒன்றுதான்: கடினமும் உறுதியும் ஒன்றோடொன்று இழுபறி. கரி அதிகமான எஃகைக் கடினமாக்கினால் கூர் நெடுநாள் நிற்கும். கல்லில் பட்டால் பொரிந்து உதிரும். கடினம் குறைத்தால் உதிராது, மடங்கும்; அடிக்கடி தீட்ட வேண்டும். எஃகின் கடினத்தைச் சொல்லும் ராக்வெல் அளவில் 56-லிருந்து 60 வரை உள்ள சின்னக் கத்தி நம் வேலைக்குச் சரியாக இருக்கும். துருப்பிடிக்காத எஃகு என்பதில் குரோமியம் பத்து விழுக்காட்டுக்கு மேல் இருக்கும். அது காற்றோடு சேர்ந்து மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் போட்டுக்கொள்கிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம். சாதா கரியெஃகுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் சாதாரணக் கல்லிலேயே சீக்கிரம் கூர் ஏறும்.

கொங்கு நாட்டில் இதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் வானம் பார்த்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்திலேயே தென்மேற்கு மழை தீர்ந்துவிடுகிறது. அங்கே கரியெஃகுக் கத்தியைத் துடைத்து வைத்தாலே போதும். அதே கத்தியை ஆடி மாதத்தில் வால்பாறைக்குக் கொண்டுபோனால் காலையில் எழுந்து பார்க்கும்போது செம்புள்ளி பூத்திருக்கும். மலைக்கு வேண்டியது துருப்பிடிக்காத எஃகு. சமையலறையிலும் ஒரு வித்தியாசம் உண்டு. வாழைக்காய், வாழைப்பூ, நெல்லிக்காய் இவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கும். கத்தியும் கறுக்கும், காயும் கறுக்கும். கத்தியில் ஏறும் கறுப்பினால் தீங்கில்லை, சொல்லப்போனால் சிவப்புத் துருவை ஓரளவு அது தடுக்கும். காய் கறுப்பது பிடிக்காதவர்கள் வீட்டுக்குள் துருப்பிடிக்காத கத்தியை வைத்துக்கொள்ளட்டும். கரியெஃகுக்கு எண்ணெய் தடவும்போது நல்லெண்ணெயைத் தவிர்த்து விடுங்கள்; நாள்பட்டால் காய்ந்து பிசுபிசுக்கும். தேங்காய் எண்ணெய் காயாது. வெகு நாள் எடுக்காமல் வைக்கும் கொடுவாளுக்கு ஆமணக்கெண்ணெய் அதைவிட நன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். தோல் உறைக்குள் வைத்தே கத்தியை அலமாரியில் போட்டுவிடக் கூடாது. தோல் ஈரம் இழுக்கும்.

இனி கொடுவாள். இதை இணையத்தில் வாங்காதீர்கள். லாரிகளுக்கும் ஆழ்துளைக் கிணறு போடும் வண்டிகளுக்கும் பேர்போன நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் கழித்துப் போட்ட ஸ்பிரிங் பட்டைக்குப் பஞ்சமில்லை. நல்ல கொடுவாள் அந்தப் பட்டையிலிருந்துதான் வருகிறது. லாரியின் கனத்தைத் தாங்கி வளைந்து வளைந்து நிமிர வேண்டிய எஃகு அது. கரி ஏறத்தாழ அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல், கூடவே சிலிக்கானோ மாங்கனீசோ. கல்லில் பட்டாலும் சட்டென்று உதிராது. பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பதால், எங்கள் ஊர்க் கொல்லர் முதலில் அதைக் கம்பியில் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிப் பார்ப்பார். கணீரென்று நீண்டு ஒலித்தால் எடுத்துக்கொள்வார். ஒலி கம்மினால் ஒதுக்கிவிடுவார்.

அவர் பட்டறையில் நின்று பார்க்க வேண்டியது தோய்ச்சல் கொடுக்கும் நேரம், அதாவது காய்ச்சிய இரும்பை முக்கிக் கடினமாக்கும் நேரம். அடித்து வடிவம் வந்த அலகை உலையில் வைத்து, வெட்டுவாய்ப் பக்கம் சீராகச் சிவக்கும்வரை ஊதுகுழலைக் கூட்டிக் குறைப்பார். வெயில் பட்டால் இரும்பின் நிறம் ஏமாற்றிவிடும் என்பதற்காக உலைக்கு மேல் சாக்குப் படுதா தொங்கும். சிவந்ததும் குறட்டால் எடுத்து, வாயோரம் இரண்டு விரல் அகலம் மட்டும் எண்ணெயில் இறக்குவார். முதுகு வெளியே இன்னும் கன்றுகொண்டிருக்கும். சில நொடியில் தூக்கி, உடைந்த சாணைக்கல் துண்டால் வாயோரத்தைப் பரபரவென்று தேய்த்து வெள்ளை காட்டுவார். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்கும். வெள்ளையாக்கிய இடத்தில் நிறம் ஓடத் தொடங்கும். முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, அதன்பின் கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். சின்னக் கத்தியென்றால் மஞ்சளிலேயே நிறுத்திவிட வேண்டும். கொடுவாளுக்குப் பழுப்பு கத்தரிப்பூவாக மாறும் நேரம். 260, 270 டிகிரி இருக்கும். அந்த நொடியில் அலகு முழுவதையும் முக்கி எடுத்துவிடுவார். நீலம் வந்துவிட்டால் வாய் மென்மையாகிவிட்டது என்று பொருள்; திரும்ப உலைக்குப் போக வேண்டும். அரத்தை வெட்டுவாயில் வைத்துத் தள்ளினால் கொஞ்சமாகத்தான் கடிக்கும், முதுகில் வைத்தால் நன்றாகக் கடிக்கும். ஒரே இரும்பில் வாய் கடினமாகவும் முதுகு தாங்கும்படியும் அமைந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

இந்த மண்ணுக்கு இந்த வேலை நேற்று வந்ததல்ல. சென்னிமலைக்குப் பக்கத்தில், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், எஃகு காய்ச்சிய மண்கிண்ணங்களான மூசைகளும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட தொழிற்கூடம் அது. கடினமும் உறுதியும் எந்த அளவில் சேர வேண்டும் என்று அந்த உலைக்கு முன்னால் நின்றவர்கள் பார்த்த அதே நிறங்களைத்தான் எங்கள் கொல்லரும் பார்க்கிறார். அவரிடம் வேலை கற்க இப்போது ஆள் இல்லை. நானூறு, ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் கொடுவாளில் பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கொடுவாளை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காட்டில் உயிர் பிழைக்கப் பெரிய கத்தி வேண்டும் என்ற எண்ணம், ஆளில்லாத குளிர்நாட்டுக் காடுகளில் விறகு பிளந்து குடிசை கட்டித் தங்கியவர்களிடமிருந்து வந்தது. நம் மலைகளில் காப்புக்காட்டில் மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் குற்றம். அந்த வேலையே இல்லையென்றால் அதற்கான கருவி எதற்கு? சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்று குறிப்பிடுவதில் கத்தியும் சேரும். முன் அனுமதி எழுத்தில் இல்லாமல் சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழையக் கூடாது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும் ஆனைமலைப் புலிகள் காப்பகம்தான். பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு ஏறும் இருபத்தேழு வளைவுகளும் 2013-இல் அறிவிக்கப்பட்ட சத்தியமங்கலம் புலிகள் காப்பகம்தான். காட்டுக்குள் நடக்கப் போகிறீர்கள் என்றால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். வேண்டாம் என்றால் சின்னக் கத்தியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஊருக்குள்ளும் ஒரு வரம்பு உண்டு. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுத வகைக்குள் வருகின்றன. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் இரவு பதினோரு மணிக்கு அவிநாசி சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் காவலரிடம் கொடுவாள் எதற்கு என்று விளக்க வேண்டியது நீங்கள்தான். தோட்டத்துக் கருவி தோட்டத்திலேயே இருக்கட்டும். சாணைக்கோ பட்டறைக்கோ எடுத்துப் போவதென்றால் பகலில், சாக்கில் சுற்றி, இருக்கைக்கு எட்டாத இடத்தில் வைத்துக் கொண்டுபோங்கள். விமானத்தில் சின்னக் கத்தியும் கைப்பையில் போகாது. பதிவு செய்யும் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும்.

மலையில் உண்மையில் ஆளைச் சாய்ப்பது வேறு. வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை ஏறத்தாழ ஆறாயிரம் அடி. கீழே பூண்டியில் வியர்த்து ஊற்றும் மாசி, பங்குனியிலும் மேலே விடியற்காலைக் குளிர் பல்லைக் கிட்டவைக்கும். தண்ணீர், டார்ச், போர்வை, மழைச்சட்டை, ஒரு விசில். இவற்றுக்குப் பிறகுதான் கத்தி. யானையையோ கரடியையோ கத்தியால் எதிர்கொள்ளலாம் என்று நினைக்கிறவர் மலைக்கே போக வேண்டாம்.

பாம்புக்கடியைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இன்னும் சிலர் கத்தி வைத்திருப்பதே அதற்குத்தான் என்று சொல்லக் கேட்கிறேன். கடிவாயைக் கீறாதீர்கள். கீறினால் விஷம் வெளியே வராது. கண்ணாடி விரியன் கடியென்றால் இரத்தம் உறையும் தன்மையே கெட்டுப்போகும். அப்போது நீங்கள் போட்ட கீறலிலிருந்து கசிவது நிற்காது. கயிற்றால் இறுக்கிக் கட்டவும் கூடாது. மோதிரம், கொலுசு, வளையல் எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, கடிபட்ட கையை அல்லது காலை ஆடாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழையுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்து ஒரே முறிமருந்துதான், அரசு மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். கத்தி உதவுவது ஒன்றே ஒன்றுக்கு: வேட்டியைக் கிழித்து, மூங்கில் தடியோடு சேர்த்துக் காலை அசையாமல் கட்டுவதற்கு.

எவ்வளவு நல்ல கத்தியும் தீட்டத் தெரியாதவர் கையில் மூன்று மாதத்தில் இரும்புத் துண்டாகிவிடும். மழுங்கிய கத்தியை அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. அழுத்தும்போதுதான் அது வழுக்கி விரலில் ஏறுகிறது. தெருவில் சைக்கிள் சாணை கொண்டுவருகிறவரிடம் கொடுவாளையும் அரிவாள்மனையையும் கொடுக்கலாம். பொறி பறக்க விடாமல் மெதுவாக, தண்ணீர் தொட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். சின்னக் கத்தியை மின்சாரச் சாணையில் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் சூடேறி நீலம் பாய்ந்தால் கொல்லர் கொடுத்த தோய்ச்சல் அந்த இடத்தில் போய்விட்டது.

வீட்டில் ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு என்றிருக்கும் கல் ஒன்று போதும். தண்ணீரில் ஊறவைத்து, அலகைப் படுக்க வைத்து, முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். அலகு இரண்டரை சென்டிமீட்டர் அகலமென்றால் முதுகு எட்டு, ஒன்பது மில்லிமீட்டர் எழும்பினால் இருபது டிகிரி. ஒரு பக்கம் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் விரலுக்கு நெருடும் மெல்லிய பிசிறு எழும். வாய் முழுக்க அந்தப் பிசிறு எழுந்த பிறகுதான் திருப்ப வேண்டும். இதற்குப் பொறுமை இல்லாமல் இரண்டு இழுப்புக்கு ஒரு தரம் திருப்புகிறவர்களுக்குத்தான் கூர் வருவதில்லை. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக இழுத்தால் பிசிறு போய்விடும். கல் கைவசம் இல்லாத இடத்தில் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் பளபளப்பு ஏறாத வளையம் இருக்கும். அதில் நாலு இழுப்பு இழுத்தால் அன்றைய வேலைக்கு ஆகும். பாளை சீவுகிறவர்கள் இதற்கும் முந்திய வழி வைத்திருந்தார்கள்: கொறங்காட்டில் எங்கு பார்த்தாலும் வெள்ளையாகக் கிடக்கும் வெங்கச்சங்கல்லை, அதாவது குவார்ட்ஸ் கல்லை, பொடித்து, மரப்பலகையில் தூவி, அதன் மேல் கத்தியைத் தீட்டுவார்கள். எஃகைவிடக் கடினமான கல் அது. பாளையின் மேல் காகிதம்போலச் சீவல் எடுக்கும் கூர் அப்படித்தான் வந்தது.

இவ்வளவும் வாங்கக் கையில் பணம் இல்லாதவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பாத்திரக் கடையில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், பிளாஸ்டிக் பிடி போட்ட காய்கறிக் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவாய் பல் இல்லாததாகப் பார்த்து, அலகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வளைவு இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள். அட்டையை மடித்து, நைலான் நூலால் தைத்து, நுனிப்பக்கம் இரண்டு தையல் கூடுதலாகப் போட்டு உறை செய்துகொள்ளுங்கள். மிச்சப் பணத்தில் கல் வாங்குங்கள்.